வடலூர் சத்திய ஞான சபை, தருமசாலை: துக்கத்துல இருக்கறவங்கள கூட்டிட்டுப் போங்க

கடலூர்லேர்ந்து குறிஞ்சிப்பாடி தாண்டினா வடலூர், இவ்ளோ கிட்ட இருக்கறதாலயே நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் தைப்பூசத்துக்கு மட்டும் போயி நெரிசல்ல ஜோதிய பாத்தும் பாக்காமயும் திரும்பிடறோம். சாதாரண நாள்ல போகணும்னு சொல்லத்தான் இந்த ரிவ்யூ, கொஞ்சம் நீளமா போகும்.

அப்பா போனதுக்கப்புறம் அம்மா சரியா சாப்பிடவும் இல்ல தூங்கவும் இல்ல. பாண்டிச்சேரில ஒரு இடத்துல ஹீலிங் செஷன் நடக்குதுன்னு சித்தி சொல்லி கூட்டிட்டுப் போனோம். ஏசி ரூம், ஊதுபத்தி, கிண்ணத்த தட்டி ஒரு ரீங்காரம், எல்லாம் அமைதியா நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில "இனிமே உங்களுக்குத் தேவையில்லாதத பேப்பர்ல எழுதி எரிச்சிடுங்க"ன்னாங்க. அம்மா பேனாவ கையில வாங்கவே இல்ல. "உங்கப்பா எனக்குத் தேவையில்லாதவராடி?"ன்னு வீடு வர்ற வரைக்கும் அழுகை. கெட்ட பழக்கத்த விட நினைக்கறவங்களுக்கு, கூடாத சகவாசத்துலேர்ந்து வெளிய வரணும்ங்கறவங்களுக்கு அது உதவலாம். சாவு விழுந்த வீட்டுக்காரங்களுக்கு வேணாம்.

வடலூர்ல யாரும் எதையும் விடச் சொல்லல, மொதல்ல சாப்பிட உக்காரச் சொன்னாங்க. 1867 மே 23ல வள்ளலார் தருமசாலைய தொடங்கினப்போ மூட்டின அடுப்பு இன்னிக்கும் அணையாம எரியுது. பசியத் தீக்கறதுதான் பெரிய வழிபாடுன்னு சொன்னவர் அவரு, அதனால என்ன சாதி எந்த ஊருன்னு கேக்காம யாரு வந்தாலும் எல போடறாங்க, காசு கிடையாது. பந்தியில பக்கத்துல இருந்த ஒரு பாட்டி "இன்னும் கொஞ்சம் வாங்கிக்க தாயி"ன்னு சொல்ல, அம்மா மறுசோறு வாங்கி சாப்பிட்டாங்க. எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு.

அப்புறம் சபைக்குப் போனோம். எட்டுக்கோணமா கட்டின கட்டடம், 1872 தைப்பூசத்துல வழிபாடு ஆரம்பிச்சது, உள்ள சாமி சிலை கிடையாது, ஜோதிதான். அதுக்கு முன்னாடி ஏழு திரை, கருப்பு நீலம் பச்சை சிவப்பு பொன் வெள்ளை, கடைசியா கலப்பு நிறம். மாசப் பூசத்துக்கு ஆறு திரை விலக்குவாங்க, தைப்பூசத்துக்குத்தான் ஏழும். அந்தத் திரையெல்லாம் நம்ம அறிவ மறைக்கற மாயைன்னு அர்த்தம் சொல்வாங்க.

ஆனா அம்மாவ நெஜமா அசைச்சது வேற. அங்க இருந்த ஒரு பெரியவர் பேச்சுவாக்குல சொன்னாரு, செத்தவங்களுக்காக அழுது புலம்பாதீங்க, கருமாதி திதி வேணாம், புருஷன் போனா பொண்டாட்டியோட தாலிய வாங்காதீங்கன்னு வள்ளலாரே சொல்லியிருக்காருன்னு. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடிங்க! எங்க வீட்ல பத்தாம் நாள் என்னென்ன பண்ணாங்கன்னு எழுத எனக்கு மனசு வரல, அதுலேர்ந்து அம்மா எந்த விசேஷத்துக்கும் போறதில்ல, யாராவது எதிர்ல வந்தா ஒதுங்கி நிப்பாங்க. அம்மா விடவேண்டியது அப்பாவ இல்ல, ஊரு அவங்க தலையில வச்ச இந்த அவமானத்ததான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது, அவங்களுக்கும் புரிஞ்சிருக்கணும், பஸ் ஏறறதுக்கு முன்னாடி கடையில ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கச் சொன்னாங்க. இப்போ அப்பா நெனவு நாளுக்கு தருமசாலைக்கு அரிசி குடுக்கறோம், ஐயர கூப்பிடறதில்ல.

போறவங்களுக்கு: கறி மீன் சாப்பிடறவங்க சபைக்கு வெளிய நின்னு கும்பிடணும், அது அங்க விதி, சாப்பாட்டுக்கு அந்தத் தடை இல்ல. நேரம் இருந்தா அப்படியே மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்துக்கும் போயிடுங்க, 1874 ஜனவரி 30ல வள்ளலார் உள்ள போயி கதவ சாத்திக்கிட்ட அறை அங்கதான் இருக்கு. ரயில்ல வர்றவங்களுக்கு கடலூர் விருத்தாசலம் லைன்ல வடலூர் ஸ்டேஷன் இருக்கு. அரிசி, பருப்பு, காய்கறி எது முடியுதோ கையோட எடுத்துட்டுப் போங்க.