டாஸ்மாக் பார்: மதியமா, ராத்திரியா?

கும்பகோணம் பக்கம் டாஸ்மாக் பாருக்குப் போவதென்றால் என் ஓட்டு மதியத்துக்குத்தான். 2016-லிருந்து கடை திறப்பதே பகல் 12 மணிக்கு. முதல் ஒரு மணி நேரம் மேஜை துடைத்திருக்கும், ஃபேனுக்கு அடியில் இடம் கிடைக்கும், வறுத்த மீன் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும், சப்ளையரும் நின்று நாலு வார்த்தை பேசுவார். வெயில்தான் தொல்லை, தகரக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம்.

ராத்திரி வேறு கதை. எட்டு மணிக்கு மேல், அதுவும் அறுப்புக் கூலி கைக்கு வந்த நாளென்றால், உட்கார இடமிருக்காது, ஆம்லெட் வர அரை மணி நேரமாகும், மேட்டூரை எப்போது திறப்பார்கள் என்று ஆரம்பிக்கிற பேச்சு சட்டையைப் பிடிப்பதில் முடியும். பத்து மணிக்குக் கடை மூடுகிற அவசரம் வேறு. ஆனால் கூட்டாளிகளோடு சத்தம் போட்டுச் சிரிக்க ராத்திரிதான் சரி. மதியம் குடித்துவிட்டு வந்தால் தெருவே பார்க்கும்.