போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்கு 16 இன்ச் வீல்: நடுங்கியது டயர் இல்லை

டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கிய பிறகு, பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நேரா 17 இன்ச் வீல் போட்டுடலாமா?" வரிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். வரிக்கு முன் 6,000 ரூபாய் விலையுள்ள டயர் முன்பு 7,680, இப்போது 7,080. நாலுக்கும் சேர்த்து 2,400 மிச்சம். அவ்வளவுதான். அந்த மிச்சத்தை நம்பி 17 இன்ச் அலாய் வாங்கக் கிளம்புவது, பஸ் டிக்கெட் விலை குறைந்தது என்று ஊருக்கு வீடு வாங்கப் போவது மாதிரி.

"இது பழைய ஸ்டாக் சார், பழைய வரிதான்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். பில் போடும் தேதிக்குத்தான் வரி. ஆனால் ஸ்டாக் பழசா என்று பார்ப்பது அவசியம். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண் அதற்கு. 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். நாலு டயரிலும் தனித்தனியாகப் பாருங்கள், மூன்று புதிதும் ஒன்று இரண்டு வருடப் பழசுமாகக் கலந்து வருவது சகஜம்.

இனி விஷயம். 1.2 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், 15 இன்ச் ரிம், 185/60 டயரோடு (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம்) வந்த வண்டி. 175 நியூட்டன் மீட்டர் டார்க்கை முன் சக்கரம் இரண்டும் சுமக்க, 185 அகலம் போதவே போதாது. ஈரத்தில் சிக்னலிலிருந்து கொஞ்சம் அழுத்திக் கிளம்பினாலே சக்கரம் வழுக்குவதைச் சொல்லும் டிராக்‌ஷன் விளக்கு மினுங்கும். மாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. எதற்கு மாற்றுவது என்பதில்தான் சண்டை.

அசல் 185/60 ஆர்15-ன் மொத்த விட்டம் 603 மி.மீ. பக்கச்சுவர் 111. பிற்பாடு வந்த ஜிடி-களில் கம்பெனியே கொடுத்த 195/55 ஆர்16-க்கு விட்டம் 621, பக்கச்சுவர் 107. அதாவது ரிம் ஒரு இன்ச் பெரிதானாலும் ரப்பர் உயரத்தில் இழப்பது வெறும் 4 மி.மீ. விட்டம் 3 சதவீதம் கூடுகிறது, தரையிலிருந்து வண்டி 9 மி.மீ. உயர்கிறது. நம்மூர் ஸ்பீடு பிரேக்கருக்கு அந்த 9 மி.மீ. சாதாரணமில்லை. இந்த வண்டிக்கு 16 பொருந்துவதற்கு முக்கியக் காரணமே இதுதான், அழகு அப்புறம்.

மூன்று சதவீதம் கூடியதால் ஸ்பீடோமீட்டர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் திருந்துகிறது. முன்பு முள் 100-ல் நிற்கும்போது ஜிபிஎஸ் 95, 96 காட்டும். இப்போது 98, 99. ஓடோமீட்டர்தான் குறைத்துக் காட்டும், 10,000 என்று காட்டும்போது ஓடியது 10,300. "அலாய் மாத்தினதும் மைலேஜ் போச்சு" என்ற புலம்பலில் பாதி இதுதான். டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டு லிட்டருக்கு 14 வந்தால், நிஜத்தில் 14.4. மீதிப் பாதி உண்மையான இழப்பு, அது ரிம்மின் எடை. வாங்கும் முன் கடையில் தொங்கு தராசு இருந்தால் ரிம்மை மாட்டிப் பாருங்கள். ஒரே டிசைனில் இரண்டு கம்பெனி ரிம்முக்குள் இரண்டு கிலோ வித்தியாசம் வரும். அந்த இரண்டு கிலோவை நாலு மூலையிலும் சுற்றவும் நிறுத்தவும் வேண்டும், பள்ளத்தில் ஏற்றி இறக்கவும் வேண்டும்.

வெளிச்சந்தை ரிம்மில் 195/55 ஆர்16 போட்ட பிறகு டயரைப் பற்றிக் குறையே இல்லை. திருப்பத்தில் ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் மூக்கு உள்ளே வருகிறது. 185-ல் ஒரு கணம் ரப்பர் மடங்கி, பிறகுதான் வண்டி கேட்கும். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், மழைக்குப் பிந்தைய ஈரத் தார்ச் சாலையில், இரண்டாம் கியரில் வெளியே வரும்போது முன் சக்கரம் தடுமாறுவதில்லை. பிரேக்கில் ஏபிஎஸ் துடிப்பு முன்பைவிடத் தாமதமாகத்தான் வருகிறது. இத்தனை நல்லது சொல்லியாகிவிட்டது. இனி எரிச்சல்.

90-லிருந்து 110-க்குள் ஸ்டீயரிங் நடுக்கம். 80-ல் இல்லை, 120-ல் குறைகிறது, நடுவில் மட்டும் கையில் ஒரு சிறு மின்சாரம் மாதிரி. சேலம் போகும் நான்குவழிச் சாலையில் எல்லோரும் ஓட்டும் வேகமே அதுதான். பேலன்சிங் போட்டால் மெஷின் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டும். வெளியே வந்தால் நடுங்கும். மறுபடி பேலன்சிங், மறுபடி பூஜ்யம், மறுபடி நடுக்கம். "புது டயர் சார், 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்ற பதில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆகாது. 5,000 ஓடினாலும் ஆகாது.

காரணம் ரிம்மின் நடு ஓட்டை. போலோவின் ஹப் (சக்கரத்தை மாட்டும் அச்சு முனை) நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் வட்டம் 57.1 மி.மீ. அசல் ரிம்மின் ஓட்டையும் அதே அளவு, கையால் தள்ளினால் 'கப்' என்று உட்காரும். சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது அந்த வட்டம், போல்ட்கள் அழுத்திப் பிடிக்க மட்டும். வெளிச்சந்தை ரிம்மோ பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 ஓட்டையோடு வருகிறது. இடையில் இருக்கும் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும், ஹப் ரிங், வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 57.1. அது இல்லாமல் மாட்டினால் சக்கரம் போல்ட்டில் தொங்கி, மையத்திலிருந்து அரை மி.மீ. நழுவி இறுகிவிடும். அந்த அரை மி.மீ.தான் கையில் வரும் நடுக்கம்.

பேலன்சிங் மெஷின் ஏன் கண்டுபிடிப்பதில்லை? மெஷினின் கோன் ரிம்மின் 73.1 ஓட்டையில் உட்கார்ந்து அதை மையமாக்கித்தான் சுற்றுகிறது. மெஷினில் சக்கரம் மையத்தில், வண்டியில் இல்லை. பூஜ்யம் பொய்யில்லை, கேள்விதான் தப்பு. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பேலன்சிங்குக்குச் செலவழித்த காசெல்லாம் நினைவுக்கு வந்து வயிறு எரியும்.

அந்த வளையம் சில நூறு ரூபாய்ச் சாமான். புதிதாக வாங்கும்போது நாலும் வரும். பிறகு ஒரு பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றுவார்கள், வளையம் ஹப்பிலேயே ஒட்டியிருக்கும் அல்லது கீழே விழுந்து ஜாக்கின் அடியில் உருளும். கடைப் பையன் அதை ஏதோ குப்பை என்று காலால் ஒதுக்கிவிடுவான். வீட்டுக்கு வந்த பிறகு நடுக்கம் ஆரம்பிக்கும், பழி டயர் மேல் விழும். கழற்றும்போது பக்கத்தில் நின்று வளையத்தைக் கையில் வாங்கிக்கொள்வதுதான் வழி. பிளாஸ்டிக் வளையம் நீண்ட மலையிறக்கத்தில் பிரேக் சூட்டில் நெளிந்துவிட வாய்ப்புண்டு. அலுமினியம் நெளியாது, ஆனால் துருவோடு ஹப்பில் ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் வாங்கி, உள்பக்கம் மெலிதாக கிரீஸ் தடவுங்கள், மெலிதாக மட்டும்.

மாட்டும் முறையும் நடுக்கத்தைத் தீர்மானிக்கும். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு எடுக்க வேண்டும். வளையம், பிறகு சக்கரம். ஐந்து போல்ட்டையும் கையால் கடைசி வரை திருக வேண்டும், கையால் போகாத போல்ட்டை ஏர் கன்னால் போக வைக்கக் கூடாது. சக்கரம் தரையைத் தொடாத நிலையிலேயே நட்சத்திர வரிசையில் பாதி இறுக்கம், பிறகு இறக்கி டார்க் ரெஞ்ச்சில் 120 நியூட்டன் மீட்டர். 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும். ஏர் கன்னை 'டர்ர்' என்று இரண்டு தட்டுத் தட்டி "டைட்டா இருக்கு சார்" என்பது இறுக்கம் இல்லை. அடுத்த பஞ்சர் நடுரோட்டில் என்றால் வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனரில் ஏறி நின்றாலும் அந்த போல்ட் அசையாது.

போல்ட்டில் இன்னொரு கண்ணி. ஃபோக்ஸ்வாகன் அசல் ரிம்மில் போல்ட் உட்காரும் குழி உருண்டை, போல்ட்டின் கழுத்தும் உருண்டை. வெளிச்சந்தை ரிம்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்புக் குழி. பழைய போல்ட்டையே கூம்புக் குழியில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அன்று இறுகியது போலத் தெரியும், ஓட ஓடத் தளரும். எம்14, 1.5 புரி, கூம்புக் கழுத்து என்று கேட்டு இருபது போல்ட் தனியாக வாங்க வேண்டும். நீளத்தையும் பார்க்க வேண்டும்: கையால் குறைந்தது ஏழரைச் சுற்று ஏற வேண்டும். ரொம்ப நீளமாக இருந்தாலும் ஆபத்து, பின்னால் டிரம் பிரேக், உள்ளே போய் எதையாவது உரசும். மாட்டியதும் ஜாக்கில் இருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றி, காது கொடுத்துக் கேளுங்கள்.

ரிம் தேர்வில் போல்ட் ஓட்டை 5x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து ஓட்டை. கடையில் 5x112 ரிம்தான் குவிந்து கிடக்கும். அதை அடாப்டர் வைத்துத் தருகிறேன் என்பார்கள், எழுந்து வந்துவிடுங்கள். ஆஃப்செட்டுக்கு, அதாவது ரிம் ஹப்பிலிருந்து எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்பதற்கு, அசல் ரிம்மின் உள்பக்கம் ஈடி என்று அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 6ஜே (6 இன்ச் அகல) அசலுக்குப் பதில் அதே ஈடி-யில் 7ஜே போட்டால் உள்ளே 12.7, வெளியே 12.7 மி.மீ. வளரும். ஈடி எண் குறையக் குறைய ரிம் இன்னும் வெளியே தள்ளும். ஈடி 25, 20 என்று மலிவாகக் கிடைக்கும் ரிம் ஃபெண்டரை நிரப்பி அம்சமாகத் தெரியும். பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் டயர் ஃபெண்டர் உதட்டைச் சுரண்டும். வீல் பேரிங்கும் சீக்கிரம் முனகும். 16-க்கு 6.5ஜே போதும்.

அலைன்மென்ட்டுக்குப் போனால் நாலு சக்கரத்துக்கும் கேம்பர் (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு) சரிசெய்ததாக பில் வரும். பின்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை உத்திரம், டார்ஷன் பீம், திருகிச் சரிசெய்ய அங்கே எதுவுமே இல்லை. முன் டோ (முன் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மட்டும்தான் சாதாரணமாகத் திருத்தக்கூடியது. முன், பின் டயர்களை 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றாவிட்டால் இந்த வண்டி முன் ஜோடியை வெளித்தோளிலிருந்து தின்னும். இரண்டு மட்டும் புதிது வாங்கும் நிலை வந்தால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். எல்லாக் கடையிலும் முன்னால் போடத்தான் கை போகும். தேய்ந்த ஜோடி பின்னால் இருந்தால் ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரில் முதலில் வழுக்குவது பின்பக்கம், அதைப் பிடிப்பது எல்லோராலும் ஆகாது.

17-க்கு வருகிறேன். 205/45 ஆர்17-ன் விட்டம் 616, கணக்குப்படி அழகாகப் பொருந்துகிறது. பக்கச்சுவர் 92. அசலைவிட 19 மி.மீ. குறைவு. பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரும், குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளமும் அந்த 19 மி.மீ.-ஐத்தான் கேட்கும். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி உள் நூல் அறுந்தால் மறுநாள் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவு பல்ஜ். அதற்குப் பஞ்சர் இல்லை, ஒட்டு இல்லை, பெரும்பாலும் வாரண்டியும் இல்லை. ரிம்மும் வளைந்தால் பெண்ட் எடுக்கத் தனிச் செலவு. இந்த அளவு டயர் பெரும்பாலும் எக்ஸ்எல் (கூடுதல் சுமை) வகை, பழைய பிஎஸ்ஐ-யிலேயே காற்று அடித்தால் பழைய எடையைச் சுமக்காது, இரண்டு மூன்று கூட்டி வைக்க வேண்டும். அப்போது சவாரி இன்னும் கட்டை. 2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போனதிலிருந்து, உள்ளூரில் செய்யாத அளவுகளில் ஒற்றை டயருக்கு வாரக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. 195/55 ஆர்16-க்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆக, 16 இன்ச், 195/55: இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய ஆகச் சிறந்த மாற்றம். சந்தேகமே இல்லை. ஆனாலும் அடுத்த செட் எனக்கு 15-தான். 195/60 ஆர்15, விட்டம் 615, பக்கச்சுவர் 117, அசல் 6ஜே ரிம்மிலேயே உட்காரும். வளைவில் கொஞ்சம் மழுங்கல்தான், தெரியும். ஆனால் அசல் ரிம், அசல் 57.1 ஓட்டை, அசல் போல்ட். வளையத்துக்காக ஜாக் அடியில் குனிந்து தேட வேண்டாம். நியாயமாகப் பார்த்தால் இந்த முடிவு தப்பு. வளையம் ஒழுங்காக இருக்கும்வரை 16-ல் நடுக்கம் துளியும் இல்லை. இருந்தும் பொறுமை போய்விட்டது.

நீங்கள் 16-ல் இருந்தால் இன்றே ஒரு வேலை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். அது பழைய ரிம், அதன் குழி உருண்டை. கூம்பு போல்ட் அதற்குப் பொருந்தாது. உருண்டைக் கழுத்து போல்ட் ஐந்தை ஒரு துணியில் சுற்றி ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்துக்குள் போட்டு வைத்திருக்கிறீர்களா?