விடியோ போக்கர் மெஷின்: உட்காரும் முன் பே டேபிளைப் படியுங்கள்

லாஸ் வேகாஸ் கேசினோவில் வரிசையாக நிற்கும் மெஷின்களில், பணத்தைப் போடுவதற்கு முன்பே அதன் லாப நஷ்டத்தைக் கணக்குப் போட்டுவிட முடிகிற ரகம் விடியோ போக்கர். பக்கத்தில் இருக்கும் ஸ்லாட் மெஷின் நூறு டாலருக்கு எவ்வளவு திருப்பித் தருகிறது என்று வெளியே எங்கும் எழுதியிருக்காது. விடியோ போக்கரில் எழுதியிருக்கிறது. நெவாடா விதிப்படி சீட்டு மெஷினில் விழும் சீட்டு, நிஜக் கட்டைக் கலைத்துப் போட்டால் எந்த வாய்ப்பில் வருமோ அதே வாய்ப்பில்தான் வர வேண்டும். அதனால் எந்தக் கைக்கு (ஐந்து சீட்டுச் சேர்க்கைக்கு) எவ்வளவு பணம் என்ற பட்டியல், அதாவது பே டேபிள், கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் கூட்டல் பெருக்கல்தான்.

ஆட்டம் எளிது. ஐந்து சீட்டு வரும். வேண்டியதை ஹோல்ட் செய்து, வேண்டாததை எறிந்து, டிரா அழுத்தினால் மாற்றுச் சீட்டு வரும். எதிரில் ஆள் இல்லை, புளஃப் (இல்லாத கையை இருப்பதாகக் காட்டுவது) இல்லை. ஆளோடு ஆள் ஆடும் ஹோல்டெம் போக்கரில் திறமை என்பது அடுத்தவர் செய்யும் தப்பைக் காசாக்குவது. இங்கே தப்பு செய்ய நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். ஆகவே திறமைக்கு இங்கே ஓர் உச்சவரம்பு உண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அந்த எண்ணைத் தாண்ட முடியாது.

அடிப்படை ரகமான ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’ முழு டேபிளில் (எந்த வரியையும் குறைக்காததில்) அந்த எண், அதாவது போட்ட பணத்தில் சராசரியாகத் திரும்பி வருவது, 99.54 சதவீதம். ஒரு காசுக்கு ஜாக் அல்லது அதற்கு மேற்பட்ட ஜோடி 1, இரண்டு ஜோடி 2, மூன்று ஒரே சீட்டு 3, ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து) 4, ஃபிளஷ் (ஐந்தும் ஒரே இனம்) 6, ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே சீட்டும் ஒரு ஜோடியும்) 9, நாலு ஒரே சீட்டு 25, ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் (ஒரே இனத்தில் வரிசை) 50, ஐந்து காசு போட்டு ஆடினால் ராயல் ஃபிளஷ் (ஒரே இனத்தில் 10 முதல் ஏஸ் வரை) 800. இதை முழுக்க மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஃபுல் ஹவுஸ் வரியையும் ஃபிளஷ் வரியையும் மட்டும் பாருங்கள். 9, 6 என்றிருந்தால் உட்காரலாம். கேசினோக்காரர்கள் கை வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வரியில்தான். ஃபுல் ஹவுஸ், ஃபிளஷ் இரண்டுமே ஏறக்குறைய நூறு கைக்கு ஒரு தடவைக்குச் சற்றே அதிகமாக வருபவை. ஒரு வரியில் ஒரு காசைக் குறைத்தால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் போய்விடும். 8/5 (ஃபுல் ஹவுஸ் 8, ஃபிளஷ் 5) என்றால் 97.30. 7/5 என்றால் 96.15. 6/5 என்றால் 95.00.

பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. மாதிரி இது கண்ணுக்கு நேரே இருந்தும் பலர் பார்ப்பதில்லை. ஒரே கேசினோவில், ஏன், ஒரே மெஷினின் மெனுவிலேயே கால் டாலர் ஆட்டத்துக்கு ஒரு டேபிளும் ஒரு டாலர் ஆட்டத்துக்கு வேறு டேபிளும் இருக்கும். டினாமினேஷனை (ஒரு காசின் மதிப்பை) மாற்றும்போதெல்லாம் மறுபடி பாருங்கள்.

இதன் விலை என்ன? கால் டாலர் காசு ஐந்து போட்டால் ஒரு கைக்கு 1.25 டாலர். நிதானமாக ஆடினாலே மணிக்கு 600 கை ஓடும். 750 டாலர் பந்தயம். 9/6 மெஷினில் பிழையில்லாமல் ஆடினால் மணிக்குச் சராசரி இழப்பு மூன்றரை டாலருக்குள். 8/5-ல் இருபது டாலர். 6/5-ல் முப்பத்தேழரை. சீட்டு ஒன்றைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிற வித்தியாசம் இது. இந்த ஆட்டத்தில் திறமையின் பெரும்பகுதி நாற்காலியைத் தேர்ந்தெடுப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது என்பேன்.

ஐந்து காசு போடாமல் ஒன்றோ இரண்டோ போடுகிறவர்கள் ராயலுக்கு 800-க்குப் பதில் 250 விகிதத்தில்தான் வாங்குவார்கள். அதில் மட்டும் சுமார் 1.4 சதவீதம் நஷ்டம். கையில் காசு குறைவு என்றால் சின்ன டினாமினேஷனுக்கு இறங்கி ஐந்து போடுவது சரி. கால் டாலரில் ஒன்று போடுவது சரியில்லை. சின்ன டினாமினேஷனில் டேபிள் மோசமாக இருப்பதும் உண்டு என்பதால் இங்கேயும் முதலில் பே டேபிளைப் படிக்க வேண்டும்.

இனி ஹோல்ட். இஸ்பேட் 10, ஜாக், குயின், கிங், கூடவே இஸ்பேட் 5 வந்திருக்கிறது. கையில் ஃபிளஷ், 6 நிச்சயம். பலர் அப்படியே வைத்துக்கொள்வார்கள். 5-ஐ எறிய வேண்டும். மிச்சமிருக்கும் 47 சீட்டில் ஏஸ் ஒன்று ராயல், 9 ஒன்று ஸ்ட்ரெயிட் ஃபிளஷ், ஆறு சீட்டு மறுபடி ஃபிளஷ், ஆறு ஸ்ட்ரெயிட், ஒன்பது உயர் ஜோடி (ஜாக் அல்லது அதற்கு மேல்). எல்லாவற்றின் பரிசையும் கூட்டி 47-ஆல் வகுத்தால் சராசரி 19.55. ஆனால் 47-ல் 24 தடவை கை காலியாகிவிடும். பாதிக்கு மேற்பட்ட முறை தோற்கிற முடிவுதான் இங்கே சரியான முடிவு. இதை மனசு ஏற்காதவர்கள் இந்த மெஷினில் உட்காராமல் இருப்பது நல்லது.

அடிக்கடி நடக்கும் தப்புகள் இதைவிடச் சின்னவை. அடிக்கடி நடப்பதால்தான் அவை காசைத் தின்கின்றன. இரண்டு 8, அதில் ஒன்றோடு சேர்த்து நாலு ஆட்டின்: ஜோடியை விட்டு நாலு ஆட்டினை வைக்க வேண்டும், ஏனென்றால் சின்ன ஜோடியின் மதிப்பு (ஒரு காசுக்குச் சராசரியாகத் திரும்புவது) 0.82, ஃபிளஷ் முயற்சி 1.15-க்குக் குறையாது. அதே இடத்தில் ஜோடி ஜாக் என்றால் தலைகீழ். உயர் ஜோடி 1.54. ஜோடியோடு ‘இருக்கட்டுமே’ என்று ஏஸையும் சேர்த்துப் பிடிப்பது எப்போதும் தப்பு. 4, 5, 7, 8 வைத்துக்கொண்டு நடுவில் 6 வரக் காத்திருப்பதன் மதிப்பு 0.34, ஐந்தையும் தூக்கிப் போட்டாலே 0.36 கிடைக்கும். இனம் வேறான ஏஸ், கிங், குயின் இருந்தால் கிங், குயினை மட்டும் பிடிக்க வேண்டும். ஏஸ் ஓரத்துச் சீட்டு, ஸ்ட்ரெயிட்டுக்கு ஒரு பக்கம்தான் வழி விடும்.

இவ்வளவும் பழகிய பிறகு அதிர்ஷ்டத்துக்கு என்ன மிச்சம்? நிறைய. சரியாக ஆடினாலும் 54.5 சதவீதக் கைகளில் ஒன்றும் கிடைக்காது, இன்னும் 21.5 சதவீதத்தில் போட்ட காசு மட்டும் திரும்பும். ராயல் சராசரியாக 40,391 கைக்கு ஒன்று, அதாவது மேலே சொன்ன வேகத்தில் 67 மணி நேரத்துக்கு ஒன்று. மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 2 சதவீதம் அந்த ஒரு கையில் ஒளிந்திருக்கிறது. அது வராத நேரத்தில் மணிக்குச் சராசரி இழப்பு மூன்றரை அல்ல, சுமார் 18 டாலர். 40,000 கை ஆடியும் ஒரு ராயல்கூட வராமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 1,20,000 கைக்குப் பிறகும் 5 சதவீதம். மெஷின் ‘இறுகிவிட்டது’ என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்குக்குள் இருப்பவர்கள்தான்.

ஒரு மணி நேர ஆட்டத்தின் திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, சுமார் 135 டாலர். 9/6-க்கும் 8/5-க்கும் உள்ள வித்தியாசமோ மணிக்கு 17 டாலர். ஆகவே ஒரு மாலையில் மோசமான மெஷினில் ஜெயித்து, நல்ல மெஷினில் தோற்பது சர்வசாதாரணம். அந்த வித்தியாசம் அதிர்ஷ்டத்தின் ஆட்டத்துக்குச் சமமாக நிற்கவே 39,000 கை வேண்டும்.

‘டபுள் டபுள் போனஸ்’ தான் கேசினோவில் கூட்டம் சேரும் ரகம். நாலு ஏஸோடு 2, 3, 4-ல் ஒன்று சேர்ந்தால் 400. கால் டாலர் மெஷினில் 500 டாலர். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? இரண்டு ஜோடிக்கு 2-க்குப் பதில் 1 தருகிறார்கள், அதிலிருந்து. எட்டு கைக்கு ஒரு முறை வரும் கை அது. 9/6 டேபிளில் இதன் உச்சம் 98.98, ஏற்ற இறக்கத்தின் அளவு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) ஜாக்ஸ் ஆர் பெட்டரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பர்ஸ் சீக்கிரம் காலியாகும்.

ஆனால் ஹோல்ட் கணக்கு இதில்தான் சுவாரஸ்யம். மூன்று ஏஸும் ஒரு 2-ம் இருக்கிறது. 400 ஆசையில் 2-ஐயும் பிடித்தால் சராசரி 11.83. ஏஸை மட்டும் பிடித்தால் 12.49. நாலாவது ஏஸைத் தேட இரண்டு சீட்டு கிடைக்கிறது, துணைச் சீட்டும் அதோடு வரலாம், வராவிட்டாலும் 160. இன்னும் கசப்பான உதாரணம்: மூன்று ஏஸ், இரண்டு 9. கையில் ஃபுல் ஹவுஸ், 9 உறுதி. ஜோடியை உடைத்து எறிந்தால் 12.7. ஜாக்ஸ் ஆர் பெட்டரில் இதைச் செய்தால் பைத்தியக்காரத்தனம். ஒரு ரகத்தில் பழகிய கை இன்னொரு ரகத்தில் காசைக் கொட்டுவது இப்படித்தான்.

‘போனஸ் போக்கர்’ 8/5 டேபிளில் 99.17. ஜாக்ஸ் ஆர் பெட்டர் தெரிந்தவர் பெரிதாக மாற்றாமல் ஆடலாம். 9/6 கிடைக்காத இடத்தில் இதைத் தேடுங்கள்.

‘டியூசஸ் வைல்ட்’ தனி உலகம். நாலு 2-ம் ஜோக்கர். முழு டேபிளில் பிழையின்றி ஆடினால் 100.76, ஆட்டக்காரருக்கே சாதகம். அதனால்தான் இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அடையாளம்: நாலு ஒரே சீட்டுக்கு 5, ஃபுல் ஹவுஸுக்கு 3, ஃபிளஷுக்கு 2. அந்த இடத்தில் 4, 4, 3 இருந்தால் அது 99.73 தரும் வேறு டேபிள், அதுவும் நல்லதுதான். 2-ஐ ஒருபோதும் எறியாதீர்கள் என்ற விதி இரண்டுக்கும் பொது. ஆனால் இரண்டு ஜோடி வந்தால் விடை மாறும். ஜோக்கரையும் சேர்த்து 8 சீட்டு ஃபுல் ஹவுஸ் தரும். 3 தரும் டேபிளில் அதன் மதிப்பு 0.51, ஒரு ஜோடியை மட்டும் பிடித்தால் 0.56. 4 தரும் டேபிளில் இரண்டு ஜோடி 0.68 ஆகிவிடும், இரண்டையும் பிடிக்க வேண்டும்.

கையாளும்போது கவனிக்க வேண்டியவை சில. தேய்ந்த பட்டன்களில் ஹோல்ட் அழுத்தியது பதிவாகாமல் போகும். சீட்டின் மேல் எழுத்து வந்ததா என்று பார்த்த பிறகே டிரா. தானாக ஹோல்ட் செய்துகாட்டும் வசதி இருந்தால் அதை நம்ப வேண்டாம். எப்போதும் சிறந்த பிடியைக் காட்டும் என்பதில்லை. எந்தக் கையில் எதைப் பிடிப்பது என்று சொல்லும் வியூக அட்டையைக் கையில் வைத்துப் பார்த்து ஆடுவதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. ஆனால் வாய்ப்புக் கணக்கிடும் கருவியை ஆட்டத்தின்போது பயன்படுத்துவது நெவாடாவில் குற்றம். செல்போன் பயிற்சி ஆப் அறையிலேயே இருக்கட்டும். பாரில் பதித்த மெஷின்களில் இலவச பானம் கிடைக்கும், டேபிள் பெரும்பாலும் மட்டம்.

நெவாடாவுக்கு வெளியே, பழங்குடியினர் நடத்தும் சில கேசினோக்களில் திரை ஓரத்தில் சின்ன பிங்கோ (எண்களைக் குலுக்கி எடுக்கும் ஆட்டம்) அட்டை தெரியும். அங்கே முடிவைத் தீர்மானிப்பது பிங்கோ. போக்கர் சீட்டு வெறும் அலங்காரம். நல்ல கையைத் தெரிந்தே எறிந்தாலும் வரவேண்டிய பரிசை மெஷின் வேறு வழியில் கொடுத்துவிடும். பே டேபிளில் 9/6 என்றே எழுதியிருந்தாலும் மேலே சொன்ன சதவீதம் எதுவும் அதற்குப் பொருந்தாது.