விண்டோஸ் 11இன் தோற்றம் பிடிக்காதவர்களுக்குப் 'பழைய தோற்றம்' விற்கிறார்கள்: பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

மதுரையில் உள்ள எங்கள் வரி ஆலோசனை அலுவலகத்தின் கணினிகளை விண்டோஸ் 10இலிருந்து விண்டோஸ் 11க்கு மாற்றித் தந்த ஒரு சர்வீஸ் கடை, மாற்றியதற்கு ஒரு கட்டணமும், மாற்றம் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கு இன்னொரு கட்டணமும் வாங்கியதோடு நில்லாமல், வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் வெளியே போகும்படியாகவும் வேலையைச் செய்து வைத்திருந்தது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பேச்சை வேறு கடைகளிலும் நீங்கள் கேட்க நேரலாம் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் காட்டப்பட்டது பயம். 2025 அக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10 கணினிகள் இயங்காது என்று கடைக்காரர் சொன்னார். அன்றோடு நின்றது இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள்தாம். கணினி வழக்கம்போல ஓடும். அந்த அப்டேட்டுகளையும் தனிநபர் பயன்பாட்டாளர்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழிசெய்திருந்தது. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. விண்டோஸ் 11க்கு மாறுவதும், கணினி தகுதியுள்ளதாக இருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். எங்கள் கணினிகள் தகுதியுள்ளவை. ஆனாலும் ஒரு கணினிக்கு 1,500 ரூபாய் வாங்கப்பட்டது.

கணினிகள் திரும்பி வந்ததும் அலுவலகத்தில் எழுந்த முணுமுணுப்பு, 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியான நாளிலிருந்து உலகம் முழுவதும் எழுந்துவருவதுதான். எங்கள் மூத்த கணக்கர் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு எக்செல் கோப்புகளைத் திறந்து வைத்து, திரையின் அடியில் உள்ள பட்டையான டாஸ்க்பாரில் வரிசையாகத் தெரியும் வாடிக்கையாளர் பெயர்களைப் பார்த்தே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவார். இப்போது அத்தனையும் ஒரே பச்சைச் சின்னத்துக்குள் அடுக்கப்பட்டுவிட்டதால், ஒவ்வொரு முறையும் அதன்மேல் மவுஸை வைத்து, எழும்பும் சிறு சன்னல்களில் தேட வேண்டியதாயிற்று. டாஸ்க்பாரைத் திரையின் இடப்பக்கம் செங்குத்தாக வைத்துப் பழகிய இன்னொருவருக்கு அந்த வசதியே கிடைக்கவில்லை. ரைட் கிளிக் செய்தால் பழகிய கட்டளைகள் பல 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தன. இவற்றைப் பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. நாள் முழுவதும் செய்யும் வேலையில் ஒரு கிளிக் கூடினாலும் அது கூலியில்லாத வேலைதான். 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை எடுத்தபோது கிளம்பிய எதிர்ப்பினால், மறுவருடமே 8.1இல் பொத்தானும், 2015இல் விண்டோஸ் 10உடன் ஸ்டார்ட் மெனுவும் திரும்பி வந்த வரலாறும் உண்டு.

இந்த எரிச்சலைத்தான் கடை காசாக்கியது. பழைய விண்டோஸுக்கே திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்கு, அது முடியாது என்றார்கள். உண்மையில் பழைய விண்டோஸின் மேலேயே மேம்படுத்திய கணினியில் முதல் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் 'கோ பேக்' என்ற பொத்தான் இருக்கும், அது பழைய விண்டோஸ் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறையை நம்பி இயங்குவது. எங்கள் கணினிகளில் அந்தக் கோப்புறையை, இடத்தை அடைக்கிறது என்று சொல்லி, ஒப்படைப்பதற்கு முன்பே அழித்திருந்தார்கள். அதன் பிறகு, "பிடிக்கலைன்னா பழைய லுக் போட்டுத் தர்றோம் சார், எண்ணூறு ரூபாதான்" என்றார்கள்.

அந்த எண்ணூறு ரூபாய்க்குக் கிடைத்த பெரும்பகுதி விண்டோஸுக்குள்ளேயே இருப்பது. செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்று போனால் ஸ்டார்ட் பொத்தானை இடப்பக்கம் கொண்டுவரலாம். கோப்புகளை ஒரே சின்னத்துக்குள் அடுக்காமல் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் தெரிவும், 2021இல் எடுக்கப்பட்டு 2023இல் திரும்பி வந்து, அதே இடத்தில்தான் இருக்கிறது. 'நெவர்' என்று மாற்றினால் போதும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேரடியாகத் திறக்கும். பழைய ஸ்டார்ட் மெனுவேதான் வேண்டும் என்பவர்களுக்கு ஓப்பன் ஷெல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

கடை போட்டதோ, விலைக்கு விற்கப்படும் ஒரு மென்பொருளின் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, திருட்டுப் பிரதி. அது விண்டோஸ் செக்யூரிட்டியில் மாட்டாமல் இருக்க அவர்கள் செய்திருந்ததைப் பார்த்தபோதுதான் விஷயத்தின் முழு வீச்சும் புரிந்தது. வைரஸ் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ், முழுவதுமாக. அதாவது, பாதுகாப்புச் சின்னம் பச்சை டிக்கோடு நின்றுகொண்டிருக்க, எங்கள் மென்பொருள்களும் கோப்புகளும் இருந்த அந்த டிரைவ் முழுவதும் சோதனையே இல்லாமல் கிடந்தது. இந்தப் பட்டியலைப் பார்ப்பதற்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று போய்க் கீழே இறங்கினால் தெரியும். கடையிலிருந்து வந்த எந்தக் கணினியிலும் அது காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காரணம் கேளுங்கள்.

இதைவிட மோசமானது ஒரு மடிக்கணினியில் நடந்தது. அதற்குப் புது எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு) போட்டு, விண்டோஸ் 11 ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவியிருந்தார்கள். நிறுவும்போது அது மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கும். எங்களைக் கூப்பிட்டுக் கேட்காமல், கடையின் சொந்தக் கணக்கைக் கொடுத்து வேலையை முடித்துவிட்டார்கள். விளைவு, டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் பேக்கப் ஆகும் வசதி அந்தக் கணக்கின் பெயரிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. கோப்புகளின் அருகே சிறிய பச்சை டிக் தெரிவதைப் பார்த்த எங்கள் உதவியாளர், இது என்ன புது டிசைனா என்று கேட்டதால்தான் பிடிபட்டது. வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்கள் உட்பட அந்தக் கோப்புறைகளில் இருந்தவை கடைக்காரரின் மேகக்கணக்கில் போய் உட்கார்ந்திருந்தன. அது போதாதென்று, வட்டை என்கிரிப்ட் செய்யும், அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும், வசதியும் இயங்கியிருந்தது; அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலும் அதே கணக்கில். என்றாவது அந்தக் கணினி திறவுகோலைக் கேட்டிருந்தால், எங்கள் தரவைத் திறக்க நாங்கள் அந்தக் கடை வாசலில் போய் நின்றிருக்க வேண்டும்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸைத் திறந்து, அங்கே இருப்பது உங்கள் மின்னஞ்சல்தானா என்று இன்றே பாருங்கள். எங்கள் மடிக்கணினியில் சொந்தக் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டராகச் சேர்த்து, கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்து, என்கிரிப்ஷனை அணைத்து, கடையின் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு மீண்டும் என்கிரிப்ஷனை இயக்கினோம். மற்ற கணினிகளில் கிராக் மென்பொருளை நீக்கி முழு ஸ்கேன் ஓட்டினோம்.

கடைக்காரர் தம் ஒன்டிரைவிலிருந்து எங்கள் கோப்புகளை அழித்துவிட்டதாக வாயால் சொல்கிறார். எழுத்தில் தர மறுக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, தோற்றம் மாறியதா இல்லையா என்று எதிர்க்கேள்வி கேட்டார். பில் தரவில்லை, யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் மட்டும் கையில் இருக்கின்றன. அவற்றை இணைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிவு செய்திருக்கிறோம். ஆவணங்கள் வெளியே போன வாடிக்கையாளர்களுக்கும் தனித்தனியாகத் தகவல் சொல்லிவிட்டோம்.