பாடல் ஏட்டோடு கேட்ட இசை: ஜப்பானிய ராக், மெட்டலுடன் பதின்மூன்று ஆண்டுகள்

எக்ஸ் ஜப்பான் குழு 1993ல் வெளியிட்ட ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ தட்டில் இருப்பது ஒரே பாடல்தான். அது 29 நிமிடம் ஓடும். டிரம்ஸும் கிட்டாரும் ஓய்ந்த பிறகு யோஷிகியின் பியானோ மட்டும் தனித்து நின்று, சுருதியை முறித்துக்கொண்டு பல நிமிடங்கள் மோதி மோதிச் செல்லும் பகுதியை முதன்முறை கேட்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன் வரிகள் முழுவதும் ஆங்கிலம் என்பதால் மொழி அன்று தடையாகத் தெரியவில்லை. அதே குழுவின் ‘குரெனாய்’ பாடலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. 1988ல் வந்த ஆல்பத்தில் ஆங்கில வரிகளுடன் இருக்கும் அப்பாடல், 1989ல் வந்த ‘புளூ பிளட்’ ஆல்பத்தில் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், தன் தாய்மொழியில் பாடும்போது தோஷியின் குரல் எவ்வளவு தடையின்றி உயர்கிறது என்பது புரியும். அந்தச் சொற்களைத் தெரிந்துகொள்ளாமல் இந்த இசையைக் கேட்டு என்ன பயன் என்று தோன்றியது. அதனால்தான் ஜப்பானிலிருந்தே சிடிக்களை வரவழைக்கத் தொடங்கினேன்.

செலவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் புத்தகத்தைப் போலவே இசைத்தட்டையும் வெளியிடுவோர் குறித்த விலையிலேயே கடைக்காரர் விற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே புதிய ஆல்பம் ஒன்றின் விலை 3,000 யென்னை ஒட்டியே இருக்கும். அதற்கு மேல் அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேரும். பழைய தட்டுகளை வாங்குவதே என் அனுபவத்தில் கட்டுப்படியானது. அங்கே பழைய தட்டும் பெரும்பாலும் கீறலின்றி இருக்கும். பெட்டியின் இடது ஓரத்தைச் சுற்றிவரும் ‘ஓபி’ என்ற காகிதப் பட்டை கிழியாமல் இருந்தால் விலை சற்றுக் கூடும். ஒருமுறை வந்த பொதியில் பெட்டி நொறுங்கி, அந்தப் பட்டையும் இரண்டாகக் கிழிந்திருந்தது. தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

இத்தனை செலவும் தகும் என்று நான் சொல்வதற்குக் காரணம், உள்ளே இருக்கும் பாடல் ஏடு. ஜப்பானியர் தம் மொழியை எழுதப் பயன்படுத்தும் சீன எழுத்துக்கு மேலே அதன் உச்சரிப்பைச் சிறிய எழுத்தில் அச்சிடுவதுண்டு. அதற்கு ஃபுரிகானா என்று பெயர். பாடலாசிரியர்கள் இந்த வழக்கத்தைக் கொண்டு ஒரு நுட்பம் செய்கிறார்கள். ‘விதி’ என்று பொருள்படும் எழுத்துகளை வழக்கமாக ‘உன்மேய்’ என்று படிக்க வேண்டும். ஆனால் பாடலில் அவற்றின் மேலே ‘சதாமே’ என்ற பழைய சொல்லைப் போட்டுவிடுவார்கள். ‘பிரபஞ்சம்’ என்று எழுதி ‘சோரா’, அதாவது வானம், என்று பாடுவதும் உண்டு. காது ஒரு சொல்லைக் கேட்க, கண் வேறொரு சொல்லைப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த வரியின் பொருள். ஆங்கில எழுத்தில் பெயர்த்துத் தரும் வரிகளில் இது அடியோடு மறைந்துவிடும்.

மொழியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ‘கினோ கத்தா ஹொன்’ என்றால் ‘நேற்று வாங்கிய புத்தகம்’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. வேற்றுமை உருபு போன்ற ஒட்டு பெயருக்குப் பின்னால் வருகிறது, வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலம் வழியாக நீண்ட வரிகளோடு ஓராண்டு திணறியபின், அவற்றை நேராகத் தமிழில் வைத்துப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து பெயரெச்சத் தொடர்கள் தாமாகவே பிரிந்து நின்றன. சீன எழுத்துகள் மட்டும் உண்மையிலேயே கடினம். அதற்குக் குறுக்கு வழி எதையும் நான் காணவில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதல் பதிப்பில் மட்டும் வரும் சிறப்பு வெளியீட்டில் இசை நிகழ்ச்சியின் டிவிடி இருக்கலாம். ஜப்பானிய டிவிடியின் மண்டல எண் 2, இந்தியாவுக்கு உரியது 5. இதைப் பாராமல் வாங்கிய என் முதல் டிவிடி வீட்டுக் கருவியில் ஓடவே இல்லை. சிறப்புப் பிளாஸ்டிக்கில் செய்து ‘எஸ்.எச்.எம். சிடி’ என்று கூடுதல் விலைக்கு வருவதில் எனக்கு எந்த வேறுபாடும் கேட்கவில்லை.

ஸ்ட்ரீமிங் புதிய குழுக்களை அறிய நல்ல வழி; பேண்ட்-மெய்டை நான் அறிந்தது அப்படித்தான். ஆனால் விருப்பப் பட்டியலில் நான் சேர்த்த பாடல்கள் சில, இந்தப் பகுதியில் கிடைக்காது என்ற குறிப்புடன் ஒருநாள் மங்கிப்போயின. தட்டு அப்படிப் போவதில்லை.

நேரில் பார்ப்பதுதான் தொலைவில் இருப்பவருக்குக் கடினம். பல நிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டுக்கு ரசிகர் மன்றத்தினரிடையே முதலில் குலுக்கல் நடக்கும். பதிவு செய்ய அந்நாட்டுத் தொலைபேசி எண் கேட்பார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பரவிய கட்டண நேரலை எனக்கு இந்த விஷயத்தில் பெரிய உதவி. டோக்கியோவில் மாலை ஆறு மணி என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. நேரலை உள்ள ஞாயிறுகளில் மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்கே முடித்துவிட்டு, பாடல் ஏட்டை மடியில் விரித்துக்கொண்டு காத்திருப்பேன்.