கொல்லிமலை அடிவாரத்தில் செய்யாத பிரேக் வேலைக்கு 14,600 ரூபாய்: காரில் போகிறவர்கள் கவனத்துக்கு

கொல்லிமலை போகத் திட்டமிட்டிருக்கும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து நண்பர்கள் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். மலையிறங்கி வரும் சாலையோரத்துக் கார் பட்டறை ஒன்றில், செய்யாத வேலைக்கு 14,600 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எப்படிச் சிக்க வைக்கிறார்கள், தப்பிக்க என்ன வழி என்று இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன்.

அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்தபோது, பிரேக் மிதி வழக்கத்தைவிட உள்ளே போனது. கருகல் வாடையும் அடித்தது. ஆற்றுப் பாலத்து ஏற்றத்தைத் தவிர வேறு மேடே இல்லாத தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது புதிய வாடை. அடிவாரத்து ஊரான காரவள்ளியைத் தாண்டியதும் பைக்கில் வந்த ஓர் இளைஞர் பக்கவாட்டில் வந்து, "அண்ணா, முன் வீல்ல பொகை வருதுங்க, பக்கத்துலயே பட்டறை இருக்குது" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரே அந்தப் பட்டறைக்குள் ஸ்பேனரோடு நின்றிருந்தார்.

பட்டறைக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசிய, சாந்தமாகப் பேசும் மனிதர். என் அம்மாவுக்கு நிழலில் நாற்காலி போட்டு, மோர் வாங்கி வரச் சொல்லி, அதற்குக் காசு வேண்டாம் என்று மறுத்துவிட்டுத்தான் காரின் பக்கமே போனார். மிதியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தவர், "மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சுங்க. காசு கெடக்குது, கொழந்தைங்கள வெச்சுக்கிட்டு இப்படியே ஓட்டிட்டுப் போகாதீங்க, முசிறி தாண்டாது" என்றார். மாஸ்டர் சிலிண்டர் என்பது மிதியை அழுத்தும் விசையை ஆயில் வழியாகச் சக்கரத்து பிரேக்குகளுக்கு அனுப்பும் பாகம். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் காட்டி ஒருவர் இப்படிச் சொன்னால் எந்தத் தகப்பன் பேரம் பேசுவான்? ஒரு மணி நேரமாகும், பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. புதிய பாகங்கள் வந்த அட்டைப்பெட்டிகளைக் காட்டினார்; கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டதற்கு, அவை இரும்புக் கடைக்குப் போய்விட்டன என்றார்.

மாஸ்டர் சிலிண்டர் 7,200, பிரேக் பேடு (சக்கரத்துத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) 3,900, ஆயில் 900, கூலி 2,600. ஆக மொத்தம் 14,600. 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்றால், இது 40 கிலோ மூட்டையில் பதினான்குக்கும் மேல்.

ஊருக்கு வந்ததும் எங்கள் மெக்கானிக் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளில் பழைய அழுக்கு அப்படியே படிந்து, ஸ்பேனர் பட்ட தடமே இல்லாமல் இருந்தது. பேடுகள் பழையவை, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்பி வந்தால் பேடு சூடேறி, நாளான பிரேக் ஆயிலில் சேர்ந்திருக்கும் ஈரம் கொதித்துக் குமிழியாகும் என்றும், அதனால்தான் மிதி தொளதொளத்தது என்றும், நிறுத்தி நன்றாக ஆறவிட்டிருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும் என்றும் அவர் விளக்கினார். நாங்கள் மெஸ்ஸில் சாப்பிட்ட நேரத்தில் வண்டி தானாக ஆறியிருக்கிறது. அதற்குத்தான் 14,600 ரூபாய்!

பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது முதலில் கடையில் கூட்டம் என்றார். அடுத்து, வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்ததோடு சரி. பிறகு வண்டியைக் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார், நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் திரும்ப ஓட்டிக்கொண்டு! கடைசியாக, "எங்க கடையிலதான் பாத்தீங்கன்னு பில் இருக்குதுங்களா?" என்று அதே சாந்தக் குரலில் கேட்டார். அவர் கொடுத்த தாளில் 'எஸ்டிமேட்' என்று மட்டுமே அச்சிட்டிருந்தது, கடைப் பெயரில்லை. ஜிபேயில் பணம் போன பெயரும் வேறு யாருடையதோ.

மலை மேல் மிளகும் அன்னாசியும் விற்றவர்களிடம் ஒரு குறையும் காணவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்க மறந்துபோன மீதிச் சில்லறையை ஓர் அம்மா கூப்பிட்டுக் கொடுத்தார். அந்தச் சாலையில் பிழைக்கும் நேர்மையானவர்களின் பிழைப்பையும் சேர்த்துத்தான் இப்படிப்பட்டவர்கள் கெடுக்கிறார்கள்.

இனி, தப்பிக்கும் வழி. இறங்கும்போது முதல் அல்லது இரண்டாம் கியரில் வாருங்கள். வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். பட்டறைக்குப் போயே ஆகவேண்டுமென்றால் கூடவே நில்லுங்கள், பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள், கடைப் பெயரும் முகவரியும் உள்ள பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் புகார் பதிவு செய்துவிட்டேன். அதில் தீரவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. தஞ்சாவூரில் போடப் போகிறேன். அதே சாலையில் இதே போல் பணம் கொடுத்தவர்கள் யாரேனும் இருந்தால் எஸ்டிமேட் தாளைக் கிழித்துப் போடாமல் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.