தாத்தா காருக்கு வின்டேஜ் பதிவு: வெளிநாட்டிலிருந்து லீவில் வருமுன் பார்க்க வேண்டியவை

ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் அம்பாசிடரையோ ஹெரால்டையோ இந்த லீவில் வின்டேஜாகப் பதிந்துவிடலாம் என்று வருகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். பெட்ரோல் செலவுக்குப் பயந்து அந்தக் காலத்தில் பல வீடுகளில் டீசல் இன்ஜின் ஏற்றிவிட்டார்கள். ஏற்றியிருந்தால் வின்டேஜ் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. டீசல் ஏற்றிய வண்டிக்குச் சாதாரண ஆர்.சி. புதுப்பிப்புதான் வழி. அதிலும் இன்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இன்ஜின் ஒரிஜினல்தான் என்றால் மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் பதிவு விண்ணப்பமான படிவம் 20. கூடவே இன்ஷூரன்ஸ், பழைய ஆர்.சி.; வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியானால் சுங்க ரசீது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. செல்லுபடி பத்து வருஷம். எம்எஸ்எக்ஸ், டிஎம்எக்ஸ் போன்ற பழைய எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவர்களுக்குத்தான் மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' வரும்.

இழுத்தடிப்பது இதற்கு முந்தைய வேலைதான். ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், பெயர் மாற்ற படிவம் 31 எல்லாம் வேண்டும். கையெழுத்துப் போடாத ஒரு சித்தப்பா போதும், மொத்த லீவும் போய்விடும். பழைய ஆர்.சி. ஆன்லைனில் ஏறியிருக்காது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேக்லாக் போடச் சொல்லுங்கள், அதாவது பழைய பதிவை ஆன்லைனில் ஏற்றச் சொல்லுங்கள். ஓ.டி.பி. வர இந்திய சிம் வேண்டும், ரீசார்ஜ் செய்துவிட்டு வாருங்கள்.

சேஸிஸ் எண் கதை தனி. டிங்கரிங் பார்த்த வண்டியில் எண்ணின் மேல் பட்டியும் பெயின்ட்டும் அப்பியிருக்கும். மெக்கானிக் கிரைண்டரை எடுத்தால் தடுத்துவிடுங்கள். எழுத்து தேய்ந்தால் பிரேக் இன்ஸ்பெக்டருக்குத் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, துணியால் துடையுங்கள். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே பதியும்.

விண்ணப்பம் சரியாக இருந்தாலும் ஆர்.சி. தர 60 நாள் அவகாசம் இருக்கிறது. மூன்று வார லீவில் கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வந்தாலும் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக வாடகைக் கார்தான்.